பலடினும் வார்லாக்கும்: கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. இத்தனை காலம் கழித்து நீ மறுபடியும், பகடை உருட்டிக் கதை நடத்தும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. எங்கள் குழுவும் கலையவில்லை. புதிய கதை தொடங்கியிருக்கிறோம், இம்முறை நான் கிளெரிக், அதாவது தெய்வ அருளால் மந்திரம் செய்யும் பூசாரி.

சத்தியம் செய்து வாளேந்தும் பலடினோடு, ஒரு மாய சக்தியிடம் ஒப்பந்தம் போட்டு மந்திரம் பெறும் வார்லாக்கை ஒரே பாத்திரத்தில் கலக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகக் கலக்கலாம். இரண்டுக்கும் மந்திரம் கரிஸ்மா என்ற ஆளுமைப் பண்பிலிருந்தே வருகிறது. நீங்கள் ஆடும் 2014 விதிகளின்படி வலிமையும் கரிஸ்மாவும் தலா 13 இருந்தால் போதும். பலடின் செலவழித்த ஸ்பெல் ஸ்லாட்டுகள், அதாவது மந்திரம் போடும் வாய்ப்புகள், நீண்ட ஓய்வுக்குப் பிறகுதான் திரும்பும். வார்லாக்குக்கு ஒரு மணி நேர ஓய்வே போதும். வார்லாக்கின் ஸ்லாட்டுகளையும் பலடினின் டிவைன் ஸ்மைட் என்ற தெய்வீக அடிக்குச் செலவிடலாம். வாள் பட்டதும் எட்டுமுகப் பகடைகளைக் கூடுதலாக அள்ளி உருட்டும் சுகத்தை நானும் அறிவேன்.

ஆனால் மூன்றாம் லெவலிலேயே வார்லாக்குக்குத் தாவப்போவதாக எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். இரண்டாவது தாக்குதல் பலடினாக ஐந்து லெவல் ஏறினால்தான் கிடைக்கும். மொத்த லெவல் ஐந்தானால் கிடைக்காது. அன்று ஃபைட்டர் இரண்டு முறை வெட்டுவான், மந்திரவாதியான விசார்ட் ஃபயர்பால் எறிவான், நீ ஒரே ஒரு முறை வாளை வீசிவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பாய். பண்புப் புள்ளிகள் கூடுவதும் இப்படியே தள்ளிப்போகும்.

ஆறு வரை பொறுத்திரு. ஆறாம் லெவலில் உன்னோடு 10 அடிக்குள் நிற்கும் தோழர்கள் ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் சேவிங் த்ரோவிலும் உன் கரிஸ்மா போனஸ் சேரும். குழுவையே காக்கும் வரம் அது. அதை விட்டுவிட மனம் வரக் கூடாது. பிறகு வார்லாக்கில் இரண்டு லெவல் எடு. தூரத்திலிருந்தே தாக்கும் வார்லாக் மந்திரமான எல்ட்ரிச் பிளாஸ்ட் மொத்த லெவலைப் பார்த்தே வளர்வதால், எட்டாம் லெவலில் உனக்கும் இரண்டு மந்திரக் கதிர்கள் உண்டு. பறக்கும் எதிரியைப் பார்த்துப் பலடின் கைபிசைந்து நிற்க வேண்டியதில்லை.

2000-இல் வந்த இந்த ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பில், பலடின், வார்லாக் போன்ற கிளாஸ்களைக் கலக்கும்போது அவற்றின் லெவல்கள் ஏறுக்குமாறாக இருந்தால் அனுபவப் புள்ளிகளில் 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

கணக்கைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. சத்தியம் செய்து வாளேந்தியவன், இன்னொரு சக்தியிடம் போய் ஏன் ஒப்பந்தம் போட்டான்? யாரைக் காப்பாற்ற? பதிலுக்கு அது என்ன கேட்டது? இதை இப்போதே கதையை நடத்தும் உன் டஞ்சன் மாஸ்டரிடம் பேசிவிடு. ஆறாம் லெவலுக்குள் அந்தச் சக்தியின் குரல் உன் பலடினின் கனவில் வரத் தொடங்கட்டும். என்ன முடிவு செய்தாய் என்று எழுது.

அன்புடன்,
முரளி