அவளை ‘அவ’ என்று சொன்ன கண்டக்டருக்கு

1989-ல் குளச்சலில் இருந்து நாகர்கோவிலுக்கு ஓடிய நேசமணி போக்குவரத்துக் கழக பஸ்ஸில் காலை டூட்டி பார்த்த கண்டக்டர் அண்ணாச்சிக்கு இந்த நன்றி. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.

நானும் என் தோழியும் திங்கள்நகரில் ஏறுவோம். பதினொன்றாம் வகுப்பு. பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு ஆண் பெயர், உடம்பில் பையன்களின் சீருடை. திருநங்கை என்ற சொல் எங்கள் காதுக்கு வராத காலம். வேறு சொற்கள்தான் இருந்தன, அவற்றை இங்கே எழுத மாட்டேன். ஆண்கள் பக்கம் நின்றால் கிள்ளுவார்கள், நடையைப் பழித்துக் காட்டுவார்கள். பல நாள் அழுதுகொண்டேதான் இறங்குவாள்.

ஒரு மழைநாளில் நீங்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் புத்தகப் பையை வாங்கி என் மடியில் வைத்தீர்கள். “மக்ளே, நீ இங்க இரி.” பெண்கள் இருக்கை, என் பக்கத்தில். ஒருவர் சத்தம் போட்டார். “அவ அங்கதான் இருப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு விசில் ஊதினீர்கள்.

அவ! வீட்டில்கூட அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அப்புறம் தினமும் அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தீர்கள். அவளும் கேட்கவில்லை, நீங்களும் எதையும் விசாரிக்கவில்லை.

அடுத்த வருடம் அவள் ஊரைவிட்டுப் போனாள். பம்பாயிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. அதில் உங்களைக் கேட்டிருந்தாள். 2008-ல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தபோதும், 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை ஏற்றபோதும் அவள் ஞாபகம் வந்தது, கூடவே உங்கள் குரலும்.

உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்துக் காட்டட்டும். அவளுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நன்றி அண்ணாச்சி.