செத்தது மூன்று, பிழைத்தது ஒன்று: சால்வியா செடிகளுக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரவும்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். இதே விஷயத்துக்கு ஆறு தடவை போன் செய்தாகிவிட்டது. இனி எழுத்தில்தான்.

மே மாதம் உங்களிடம் 'ஹாட் லிப்ஸ்' சால்வியா நான்கு வாங்கினேன், ஒன்று 349 ரூபாய். கூட வந்த அட்டையில் 'நிழலில் வைக்கவும், தினம் இருவேளை தண்ணீர்' என்று போட்டிருந்தீர்கள். விற்கிறவருக்குத் தெரியாததா என்று அப்படியே செய்தேன். பத்தே நாளில் மூன்று போய்விட்டன. பிடுங்கினால் தண்டின் அடி கறுத்திருக்கிறது, தேங்காய்நார்த் தூளைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டுகிறது, சாக்கடை வாடை வேறு. மெக்சிகோ மலைக்காட்டுப் புதர்ச்செடி அது. வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது. இதை நானா உங்களுக்குச் சொல்ல வேண்டும்?

நான்காவதைப் பாதி மணல் கலந்து மாற்றி, மொட்டைமாடி வெயிலில் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் விட்டேன். பூத்துவிட்டது. அந்தப் படத்தை அனுப்பினால் உங்கள் ஊழியர், தம்பி ஒருவர், சொல்கிறார்: "எங்க செடி சிவப்பும் வெள்ளையுமா பூக்கும்மா. இது முழுச் சிவப்பு. வேற எங்கயோ வாங்கிட்டு எங்க தலையில கட்டப் பாக்குறீங்க." என்னைத் திருடி என்கிறாரா? வெயில் ஏறினால் இந்த ரகம் முழுச் சிவப்பாகத்தான் பூக்கும். குளிர்ந்தால்தான் வெள்ளை கூடும்!

அதற்கு முந்தின வாரம்தான், செத்த செடிகளை மாதவரம் கிடங்குக்கு நேரில் கொண்டு வரச் சொன்னீர்கள். மூட்டுவலியோடு மூலக்கடை வரை ஷேர் ஆட்டோ, அப்புறம் பஸ். மடியில் தொட்டிகள். பக்கத்திலிருந்த அம்மா, "துளசியா? தண்ணி ஊத்தலியா?" என்றார். (துளசிக் குடும்பம்தான், தண்டும் சதுரம். ஊற்றித்தான் செத்தது.) காவலாளி கேட்டைக்கூடத் திறக்கவில்லை. "ரிட்டர்ன் எல்லாம் ஆன்லைன்ல போடுங்க." அதே தொட்டிகளோடு திரும்பினேன். அன்றோடு தோட்ட ஆசையே விட்டுப்போனது.

சரி, தயவுசெய்து மூன்று செடிக்கான 1,047 ரூபாயையும் மன உளைச்சலுக்கு 10,000 ரூபாயையும் பதினைந்து நாளில் அனுப்பிவையுங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம் என்பதும் எனக்குத் தெரியும். பணம் வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன், அந்தத் தம்பியைத் தவிர.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: இன்று காலை இன்னொரு பூ. அதுவும் சிவப்புதான். படம் இணைத்திருக்கிறேன்.