முன்பணம் கட்டும் முன் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு "சீட் முடியப்போகுது" என்று தனியார் கல்லூரிகளிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். காசிமேடு, கொருக்குப்பேட்டை, எண்ணூர்ப் பக்கத்துப் பெற்றோர் பலர் நகையை அடகு வைத்து, அரசுக் கலந்தாய்வு தொடங்கும் முன்பே முன்பணம் கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்குப் பெரிய நஷ்டம் இந்த அவசரத்தில்தான் வருகிறது.

பொறியியலைப் பாருங்கள். 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி, தனியார் கல்லூரியில் தர அங்கீகாரம் பெறாத படிப்பின் கலந்தாய்வு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் 85,000. அதே வகுப்பு, அதே பட்டம், நாலு வருஷத்தில் 1.4 லட்சம் கூடுதல். முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையான ஆண்டுக்கு 25,000 ரூபாயும் கலந்தாய்வில் வருபவருக்கு மட்டுமே உண்டு. ஆக, வித்தியாசம் 2.4 லட்சம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இழப்பு இன்னும் பெரிது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கலந்தாய்வுக்குள் வருவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

"லோன் போட்டுக்கலாம்" என்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை இல்லை என்றாலும் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருஷம், கடைசி லட்சத்துக்கு இரண்டு வருஷம் என வட்டி மட்டும் 1.4 லட்சம். அந்த 5.4 லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய். மொத்தம் எட்டரை லட்சம். முதல் வேலையின் சம்பளத்தில் இந்தத் தவணை எவ்வளவு கடிக்கும் என்று யோசியுங்கள்.

பி.காம்., பி.எஸ்சி. என்றால் பாரதி மகளிர் கல்லூரியும் வியாசர்பாடி அம்பேத்கர் அரசுக் கலைக் கல்லூரியும் பக்கத்திலேயே இருக்கின்றன. அரசுக் கல்லூரிகளில் இளநிலைக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. தேர்வுக் கட்டணம் போன்ற சிறு தொகைகள்தான். பட்டம் தருவது சென்னைப் பல்கலைக்கழகம். அதனுடன் இணைந்த தனியார் கல்லூரியிலும் அதே பட்டம்தான். ஆனால் இடங்கள் குறைவு, பி.காம்.முக்குப் போட்டி கடுமை. மொழிப்பாடம் நீங்கலாக நாலு பாடங்களின் மதிப்பெண்ணை 400-க்குக் கூட்டித்தான் தரவரிசை போடுகிறார்கள். பி.காம். மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு இடம் கிடைக்காமல் திரும்பும் பிள்ளைகள் அதிகம். பொருளியல், கணிதம் என்று மேலும் இரண்டு மூன்று பாடங்களையும் விண்ணப்பத்தில் சேர்ப்பது நல்லது.

அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்க மறக்கக் கூடாது: "இது உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?" சுயநிதி என்றால் அரசு உதவியின்றி மாணவர் கட்டணத்திலேயே ஓடுவது. ஒரே கட்டடத்தில் இரண்டும் நடக்கும், கட்டணத்தில் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். மாலை நேரப் பிரிவு பெரும்பாலும் சுயநிதிதான். இந்தக் கல்லூரிகளுக்குத் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அரசுக் கல்லூரிகளில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். பல துறைகள் தற்காலிகமாக அமர்த்தப்படும் கௌரவ விரிவுரையாளர்களை நம்பியே ஓடுகின்றன. வேலைவாய்ப்பு முகாம்களும் குறைவு. கட்டணத்தில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை டேலி என்ற கணக்கு மென்பொருள், ஆங்கிலப் பயிற்சி போன்றவற்றுக்கு ஒதுக்கினாலே இதை ஓரளவு ஈடுகட்டலாம்.

ஏற்கெனவே தனியாரில் சேர்ந்துவிட்டவர்களும் மனம் தளர வேண்டாம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இலேயே அறிவித்துள்ளது. விலகும் கடிதத்தைத் தேதியிட்டுக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தால் பணம் திரும்புவது கடினம்.

பலர் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றுகளுக்கு ரிசல்ட் வந்த பிறகுதான் இ-சேவை மையத்துக்கு ஓடுகிறார்கள். ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்து மாறியிருந்தால் மனு திரும்பிவிடும், அதற்குள் கலந்தாய்வுத் தேதி போய்விடும். வட சென்னையின் அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் ஏப்ரலிலேயே சான்றிதழ் முகாம் நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
உயர்கல்வி வழிகாட்டல் தன்னார்வலர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை.