மாமாவுக்கு, படிவத்தைக் கொடுத்த பிறகு

மாமா,

படிவத்தைக் கொடுத்துவிட்டேன். முதன்மைப் பாடம் இதழியல். அம்மா சொல்லித்தான் உங்களுக்குத் தெரிந்தது என்பதில் உங்களுக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டேன். நியாயமான வருத்தம்தான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா? போன விடுமுறையில் சாப்பிட உட்கார்ந்தபோதுகூட விடவில்லையே. "பொருளாதாரம் எடு, சட்டம் எடு, கணக்கு எடு. இதை மட்டும் எடுக்காதே."

உங்கள் பத்திரிகையின் எடிஷனை மூடிய கதையை இங்கே எழுதப்போவதில்லை. அது உங்களுடையது. உங்களோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பார்கள். அப்போது வீட்டில் பார்த்த எதையும் நான் மறக்கவில்லை, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்குச் சொல்ல வேண்டியது அந்த ராத்திரியைப் பற்றி. பள்ளி விடுமுறையில் என்னை உங்கள் டெஸ்குக்குக் கூட்டிப்போனீர்களே, அன்றைக்கு. பேருந்து விபத்துச் செய்தி வந்திருந்தது. இறந்தவர்களில் ஒரு பையன். நிருபர் அனுப்பியதில் அவன் பெயர் 'ஷ்' என்று முடிந்தது, காவல் நிலையத்தில் 'ஸ்' என்றார்கள், மருத்துவமனைப் பட்டியலில் வேறு பெயரே இருந்தது. பக்கம் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அச்சகத்து ஆள் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நீங்கள் யார் யாரையோ பிடித்து அவனுடைய தலைமை ஆசிரியரின் எண்ணை வாங்கினீர்கள். ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு பழைய புரூஃப் தாளின் பின்பக்கத்தில் எழுத்து எழுத்தாக எழுதி, அதைத் திரும்ப அவருக்கே படித்துக் காட்டினீர்கள். போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "அவன் பேரு பேப்பர்ல வரப்போறது இந்த ஒரு தடவைதான். அதையும் தப்பாப் போட்டா எப்படி?" என்றீர்கள்.

அதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளிடம் இப்போது வந்து வங்கித் தேர்வு எழுது என்றால் எப்படி மாமா?

வகுப்பறையில் உட்கார்ந்து இந்தத் தொழில் வராது என்பீர்கள். 1904-இல் அமெரிக்கப் பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் பத்திரிகைக்காரர்களுக்குக் கல்லூரிப் படிப்பு வேண்டும் என்று வாதாடி எழுதியதே, இப்படிச் சொன்னவர்களுக்குப் பதிலாகத்தான். சட்டம், வரலாறு, பொருளாதாரம், புள்ளியியல், அறநெறி எல்லாம் படிக்க வேண்டும் என்றார். அவர் கொடுத்த பணத்தில் 1912-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அந்தப் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் என்னை எடுக்கச் சொன்ன பாடங்கள் பாதி அதில் இருக்கின்றன. இந்தக் கல்லூரியில் நான் அவற்றையும்தான் படிக்கிறேன்.

அமெரிக்கப் பத்திரிகையாளர் இடா டார்பெல்லைப் பற்றி உங்களிடம் பேச எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா? அலெகெனி என்ற பல துறைகளையும் சேர்த்துச் சொல்லித்தரும் ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் அவர் படித்தது உயிரியல். 1880-இல் பட்டம் வாங்கியபோது அந்த வகுப்பில் அவர் ஒருத்திதான் பெண். நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய அந்தக் கண்ணால் பிறகு நீதிமன்ற ஆவணங்களையும் விசாரணை அறிக்கைகளையும் படித்து, 1902 முதல் ராக்ஃபெல்லரின் எண்ணெய்க் கம்பெனியான ஸ்டாண்டர்டு ஆயிலைப் பற்றித் தொடர் எழுதினார். 1911-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தையே பல நிறுவனங்களாக உடைத்தது. வழக்குக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அந்தக் கம்பெனி எப்படி வளர்ந்தது என்று சாதாரண வாசகனுக்குப் புரியவைத்தது அவருடைய எழுத்து. இதைக் கேட்டால் உங்களுக்கு எவ்வளவு பிடித்திருக்கும்!

சரி, கோபத்தையும் சொல்லிவிடுகிறேன். மாணவர் பத்திரிகையில் என் முதல் பெரிய செய்தி வந்தது, விடுதிக் கட்டண உயர்வு பற்றி. நிர்வாகம் கட்டணம் '2 சதவீதம்' கூடியது என்று சொல்லிக்கொண்டிருந்தது. பட்ஜெட் தாள்களோடு உட்கார்ந்து பார்த்தேன். மொத்தச் செலவில் விடுதிக் கட்டணத்தின் பங்கு 10 சதவீதத்திலிருந்து 12 ஆகியிருந்தது. அது 2 சதவீதப் புள்ளி. பங்கு கூடியது 20 சதவீதம். புள்ளியியல் வகுப்பில் உட்காராமல் இருந்திருந்தால் எனக்கும் அது கண்ணில் பட்டிருக்காது. முதலில் உங்களுக்குத்தான் அனுப்பினேன். நீல டிக் வந்தது. ஒரு வார்த்தை வரவில்லை. 'இன்ட்ரோ நீளம்' என்றாவது எழுதியிருக்கலாமே. வாழ்நாள் முழுக்க ஊரார் எழுதியதையெல்லாம் திருத்திய மனிதருக்கு என் ஒரு பக்கத்தைத் திருத்த மனம் வரவில்லை.

பயத்தில்தான் பேசாமல் இருக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்துவிடும் என்ற பயம். நடக்கலாம். வேலையே கிடைக்காமலும் போகலாம். இங்கே எங்கள் பேராசிரியரும் இதை மறைக்கவில்லை. எடிஷன்கள் மூடுவதைப் பற்றி ஒரு முழு வகுப்பே எடுத்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன், கையைத் தூக்கி ஒன்றும் சொல்லவில்லை. அத்தனையும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பயத்தை அம்மாவின் தலையில் ஏற்றாதீர்கள். அவளுக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. திட்டுவதானால் என்னையே கூப்பிட்டுத் திட்டுங்கள், கண்டிப்பாக எடுப்பேன். வியாழன் ராத்திரி மட்டும் வேண்டாம், அன்றைக்கு இதழ் முடிக்கும் நாள்.