மெனுவிலிருந்து "அசல்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

அனுப்புநர்:
உங்கள் சீலோம் கிளையின் வாடிக்கையாளர்,
சத்தோன், பாங்காக்.

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
உணவகத் தலைமை அலுவலகம், பாங்காக்.

பொருள்: "அசல் அமெரிக்கக் காலை உணவு" என்ற பெயரில் பரிமாறப்பட்டதும், இலவசம் என்று சொல்லிவிட்டுக் காசு வாங்கிய காபியும்.

ஐயா,

வணக்கம். பாங்காக்கில் இருக்கும் நிறுவனத்துக்குத் தமிழில் எதற்குப் புகார் என்று நினைக்கலாம். உங்கள் கருத்துப் படிவம் மூன்று வரிக்கு மேல் ஏற்க மறுக்கிறது. தாய் மொழியில் எழுத எனக்கு வராது (என் அம்மா இதைப் படித்தால் கோபித்துக்கொள்வார், நான் சொல்வது தாய்லாந்து மொழியை). "எங்கள் முதலாளி தமிழர்தான், தமிழிலேயே எழுதுங்கள், நேராக அவர் கைக்குப் போகும்" என்று உங்கள் கல்லாவில் இருந்தவர் சொன்னார். அதனால் எழுதுகிறேன்.

என் கணவர் அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து நாக்ஸ்வில்காரர். நானும் அங்கே 11 வருடம் குடித்தனம் செய்தவள். அவருடைய வேலைக்காக பாங்காக் வந்து 3 வருடம் ஆகிறது. இந்த ஊர்ச் சாப்பாட்டின் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. வார நாட்களில் தெருமுனைக் கடையில் இஞ்சி தூவிய ஜோக் கஞ்சியும், சுடச்சுடப் பொரித்த பா தோங் கோ என்ற மாவுப் பண்டமும்தான் எங்கள் காலை ஆகாரம். "வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே எதுவும் பிடிக்காது" என்று எங்களை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற சனிக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். என்ன வேண்டும் என்று கேட்டேன். பிஸ்கட்டும் கிரேவியும் என்றார். இங்கே பல ஃபிளாட்டுகளைப் போல எங்கள் ஃபிளாட்டிலும் ஓவன் கிடையாது. உங்கள் கடை வாசலில் "அசல் அமெரிக்கக் காலை உணவு, தென் மாநிலச் சுவை, காபி எத்தனை கோப்பை வேண்டுமானாலும்" என்று பெரிய பலகை. விலை 490 பாட். சேவைக் கட்டணமும் வரியும் தனி. பரவாயில்லை, வருடத்தில் ஒரு நாள்தானே என்று உள்ளே போனோம்.

தட்டில் வந்ததைச் சொல்கிறேன். நுனியைக் கீறி வறுத்த சிவப்பு ஹாட் டாக் இரண்டு. வெந்நீரில் முக்கி எடுத்தது போலத் துவண்ட பேக்கன். கோஸும் கேரட்டும் துருவி, இனிப்பு மயோனைஸ் ஊற்றிய சாலட். இரண்டு பக்கமும் லேசாகத் திருப்பிப் போட்ட முட்டை கேட்டிருந்தோம். திருப்பாத முட்டை வந்தது. துருவிய உருளைக்கிழங்கைக் கல்லில் முறுக விடுவதுதான் ஹாஷ் பிரவுன். வந்ததோ ஃப்ரீசரில் இருந்து எடுத்துப் பொரித்த வில்லை. இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். பிஸ்கட்டை மட்டும் விட மாட்டேன்.

நம் ஊரில் பிஸ்கட் என்றால் டீயில் தோய்ப்பது. டென்னசியில் அது வேறு பிறவி. இனிப்பே கிடையாது. மாவில் சில்லென்ற வெண்ணெயை உதிர்த்து, மோர் விட்டு, அதிகம் பிசையாமல் தட்டி, வட்டமாக வெட்டிச் சுடுவார்கள். வெட்டும்போது அச்சைத் திருகக் கூடாது, நேராக அழுத்தி எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் மூடிக்கொண்டு மேலே எழும்பாது. என் மாமியார் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. (இட்லி மாவை ஓங்கி அடித்துக் கலக்காதே என்று என் பாட்டி சொன்னதும் ஏறக்குறைய இதே குரலில்தான்.) மாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. குளிர்காலத்துக்கு முன்பே விதைக்கும் மென்மையான கோதுமை, புரதம் குறைவு, அதனால்தான் பஞ்சு போல வரும். அந்த ஊர் ஒயிட் லில்லி மாவு 1883இல் நாக்ஸ்வில்லில்தான் தொடங்கியது. அதன் மேல் ஊற்றுகிற கிரேவி வெள்ளை நிறம். பன்றி இறைச்சிக் கொத்தை வதக்கி, அதில் இறங்கும் கொழுப்பிலேயே மைதாவை வறுத்து, பாலை ஊற்றிக் கெட்டியாக்கி, மிளகை அள்ளிப் போடுவது.

நீங்கள் கொடுத்தது திராட்சை போட்ட இனிப்பு ஸ்கோன், அதாவது ஆங்கிலேயர் டீயோடு சாப்பிடும் சிறு ரொட்டி. அதன் மேல் பொட்டலப் பொடியைக் கரைத்த பழுப்புக் குழம்பு. என் கணவர் ஒரு வாய் வைத்தார். பிறகு முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "முட்டை நன்றாக இருக்கிறது" என்றார். 15 வருடத் திருமண வாழ்க்கையில் அந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பொருள் கிடைக்கவில்லை என்று சொல்லாதீர்கள். பன்றி இறைச்சிக்குத் தாய்லாந்தில் பஞ்சமா? பாலும் மிளகும் மைதாவும் எந்தச் சந்தையிலும் உண்டு. பிஸ்கட்டுக்குக் கேக் மாவைப் பாதி சேர்த்தால் போதும். மோர் கிடைக்காவிட்டால் பாலில் எலுமிச்சை பிழிந்து பத்து நிமிடம் வைத்தால் காரியம் நடந்துவிடும். இறைச்சிக் கொத்துக்கு வாசனை தரும் சேஜ் இலை காய்ந்ததாக பெரிய கடைகளில் கிடைக்கிறது. மேப்பிள் சிரப் விஷயத்தில்கூட நான் வெர்மான்ட்டிலிருந்து இறக்குமதி செய்யுங்கள் என்று கேட்கவில்லை. ஒரு லிட்டர் சிரப்புக்கு சுமார் 40 லிட்டர் மரச்சாறு காய்ச்ச வேண்டும், விலை எனக்கும் தெரியும். ஆனால் பாட்டிலில் இருப்பது குளுக்கோஸ் பாகு என்றால் மெனுவில் மேப்பிள் என்று போடாதீர்கள்.

உங்கள் மேலாளரிடம் சொன்னேன். மிகவும் மரியாதையாகக் கைகூப்பிவிட்டு, "இங்கே அமெரிக்கன் பிரேக்ஃபாஸ்ட் என்றால் இதுதான் மேடம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்த நாட்டில் விடுதிகள் ஏபிஎஃப் (அமெரிக்கன் பிரேக்ஃபாஸ்ட் என்பதன் சுருக்கம்) என்று போட்டிருந்தால் முட்டை, ஹாம், சாசேஜ், டோஸ்ட் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அமெரிக்கன் ஃபிரைடு ரைஸும் அப்படித்தான். கெச்சப்பில் பிரட்டிய சோறு, உலர்திராட்சை, சாசேஜ், மேலே ஒரு முட்டை. அமெரிக்காவில் அதைக் கேட்டால் முழிப்பார்கள். தாய்லாந்தில் உடோனிலும் கோராத்திலும் ஊ தபாவிலும் அமெரிக்க விமானப்படை இருந்த வியட்நாம் போர்க் காலத்தோடு சேர்த்து அதன் கதையைச் சொல்வார்கள். படைகள் 1976இல் போய்விட்டன, சோறு தங்கிவிட்டது. என் பிள்ளைகள் அதற்கு அடிமை, நானும் ருசித்துத்தான் சாப்பிடுகிறேன். நம் கோபி மஞ்சூரியனை மஞ்சூரியாவில் போய்த் தேடுகிறோமா என்ன?

ஆனால் அந்தத் தட்டை விற்கிற தெருக் கடைக்காரர் அசல் என்று பலகை வைப்பதில்லை. தென் மாநிலச் சுவை என்று சொல்லி 490 பாட் வாங்குவதும் இல்லை. எனக்கும் உங்களுக்கும் இடையில் வழக்கு அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

அப்புறம் காபி. இரண்டாவது கோப்பையை ஊற்றும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. பில்லில் 90 பாட் வீதம் இரண்டு கோப்பைக்கு 180. கேட்டதற்கு, பலகையில் உள்ள சலுகை வார நாட்களுக்கு மட்டும் என்றார்கள். பலகையில் அப்படி ஒரு எழுத்தும் இல்லை; புகைப்படம் இணைத்திருக்கிறேன். 10 சதவீதச் சேவைக் கட்டணம், அதன் மேல் 7 சதவீத மதிப்புக் கூட்டு வரி எல்லாம் சேர்த்து மொத்தம் 1,365 பாட் 32 சதாங் கட்டினேன்.

நான் கேட்பது இரண்டு. காபிக்கு வாங்கிய தொகை, கட்டணமும் வரியும் சேர்த்து 211 பாட் 86 சதாங், திருப்பித் தர வேண்டும். பலகையிலிருந்தும் மெனுவிலிருந்தும் "அசல்", "தென் மாநிலச் சுவை" என்பவற்றை எடுக்க வேண்டும், அல்லது அதற்குத் தகுந்தபடி சமைக்க வேண்டும். 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்பு வாரியத்தின் 1166 எண்ணுக்கு அழைத்து, இதே பில்லையும் புகைப்படத்தையும் அவர்களிடம் கொடுப்பேன். பரிமாறிய பெண்ணை இதற்காகத் திட்ட வேண்டாம். அவர் முகம் கோணாமல்தான் நடந்துகொண்டார், பிறந்தநாள் என்று தெரிந்ததும் தன் செலவில் ஒரு மாம்பழத் துண்டில் மெழுகுவர்த்தி குத்திக் கொண்டு வந்தார். அந்தக் காலையில் என் கணவர் சந்தோஷமாகச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

சமைக்கும் பக்கம் போவதாக இருந்தால், உங்கள் சமையல்காரரை எந்த ஞாயிற்றுக்கிழமையும் என்னிடம் அனுப்பலாம். ஓவனை மட்டும் நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். இலவச உணவுக் கூப்பன் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
12ஆம் எண் மேசையில் இருந்த வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், வாசல் பலகையின் புகைப்படம், தட்டின் புகைப்படம்.