அம்புகளைப் பார், பெட்டிகளை அப்புறம் பார்க்கலாம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. சேர்ந்த கையோடு பழைய சிஸ்டம் முழுவதையும் யூஎம்எல்லில், அதாவது சாஃப்ட்வேரின் அமைப்பைப் படமாக வரையும் குறியீட்டு மொழியில், வரையச் சொல்லி உன் தலையில் கட்டிவிட்டார்களா? கல்லூரியில் அந்த வகுப்புக்கு மட்டும் நீ தலைகாட்டவே மாட்டாய், அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். இங்கே எல்லாம் பழையபடிதான், முதுகுவலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெறும் படம் வரையும் டூலாக இல்லாமல் மாடலிங் டூலாக எடுத்தால், படம் வேறு, மாடல் வேறு. பக்கத்தில் மரம் மாதிரி ஒரு பட்டியல் தெரிகிறதே, அதுதான் மாடல். அதிலிருக்கும் ஒரே காம்பொனென்ட்டை, அதாவது சிஸ்டத்தின் ஒரு தனிப் பாகத்தை, எத்தனை படத்திலும் இழுத்துப் போடலாம், பெயரை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் படத்திலும் மாறிவிடும். அதே பெயரில் புதிதாக இன்னொரு பெட்டி வரைந்தாயோ, டூலுக்கு அது வேறு ஆள். அழிக்கும்போதும் படத்திலிருந்து மட்டுமா, மாடலிலிருந்தேவா என்று பார்த்து அழிக்கச் சொல், உன் குழுவுக்கு முதல் பாடம் இதுவாகவே இருக்கட்டும்.

பேக்கேஜ்களை, அதாவது பாகங்களைச் சேர்த்துக் கட்டும் மூட்டைகளை, திரை, டேட்டாபேஸ் என்று பிரிக்காதே. ஆர்டர், பணம், கையிருப்பு என்று வேலையை வைத்துப் பிரித்தால், பணம் செலுத்தும் முறை மாறும்போது திருத்த வேலை பெரும்பாலும் ஒரு பேக்கேஜோடு முடிந்துபோகும். ‘பொதுவானவை’ என்று ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம், அது வீட்டுப் பரண் மாதிரி, ஏறியது எதுவும் இறங்காது.

சப்சிஸ்டம், அதாவது பெரிய சிஸ்டத்துக்குள் இருக்கும் ஒரு சிறு சிஸ்டம், பேக்கேஜா காம்பொனென்ட்டா என்று உங்கள் ஆட்கள் சண்டை போடுவதாக எழுதியிருந்தாய். யூஎம்எல் 1-இல் அது ஒருவகைப் பேக்கேஜ், 2005-இல் வந்த 2.0-இல் காம்பொனென்ட் ஆகிவிட்டது. ஆளுக்கொரு காலத்துப் புத்தகம் படித்திருப்பார்கள், அவ்வளவுதான், விட்டுத்தள்ளு.

நேரம் செலவழிக்க வேண்டியது அம்புகளில், அதாவது எது எதைச் சார்ந்திருக்கிறது என்று காட்டும் கோடுகளில். ஆர்டர் பணத்தைச் சார்ந்து, பணம் திரும்ப ஆர்டரைச் சார்ந்து நின்றால் இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க முடியாது, தனிக் குழுக்களிடம் கொடுக்கவும் முடியாது, பெயருக்குத்தான் இரண்டு. தனக்கு என்ன தேவை என்று ஆர்டரே ஓர் இன்டர்ஃபேஸ், அதாவது ‘இன்னின்னது செய்து தர வேண்டும்’ என்ற ஒப்பந்தம், வைத்துக்கொள்ளட்டும், பணம் அதை நிறைவேற்றட்டும், ஆர்டரிலிருந்து பணத்துக்குப் போகும் அம்பு தானாகப் போய்விடும். படத்தில் தருபவன் பக்கம் சின்ன வட்டம், கேட்பவன் பக்கம் அரைவட்டம், எது எதோடு பொருந்துகிறது என்று பார்த்தவுடனே தெரியும்.

படங்களை அனுப்பாதே, அந்த மரத்தை மட்டும் அனுப்பு. அப்புறம், ரிப்போர்ட் பகுதி எல்லாப் பகுதிகளின் டேட்டாபேஸ் டேபிளையும் நேராகத் தொடுகிறது என்றாயே, அதற்கு எத்தனை அம்பு வந்தது?

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்காரன்