உனக்குக் கிடைத்த வேலை

அன்புள்ள மலர்,

போனில் உன் குரலில் இருந்த சுணக்கம் எனக்குப் புரிந்தது. கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் கேமரா படங்கள், உனக்கு மட்டும் ரேடியோ சிக்னல். அதிலும் விண்கலம் கோளுக்குப் பின்னால் போய் மறையும் நேரத்துச் சிக்னல். "திரையில ஒரு கோடு ஏறி இறங்குறதைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும்ப்பா" என்றாய். அப்போது சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன்.

1965 ஜூலையில் நாசாவின் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போனபோது எல்லோரும் பேசியது அது எடுத்த 21 படங்களைப் பற்றித்தான். படமெடுத்து முடித்து கொஞ்ச நேரத்தில் அது செவ்வாயின் பின்பக்கம் போய் மறைந்தது. மறைவதற்குச் சற்று முன் அதன் சிக்னல் செவ்வாயின் காற்றை உரசிக்கொண்டு நம்மிடம் வந்தது. காற்றில் புகுந்த அலை லேசாக வளையும். டம்ளர் தண்ணீரில் ஸ்பூன் ஒடிந்தாற்போலத் தெரியுமே, அதே ஒளிவிலகல்தான். அதனால் வந்து சேரும் அதிர்வெண்ணும் கொஞ்சம் பிசகும். சுமார் 2300 மெகாஹெர்ட்ஸ் அலையில் பிசகியது சில ஹெர்ட்ஸ்! செவ்வாயில் காற்றே இல்லாவிட்டால் என்ன அதிர்வெண் வந்திருக்கும் என்று விண்கலத்தின் பாதையை வைத்துக் கணக்குப் போட்டு, வந்ததிலிருந்து அதைக் கழித்தார்கள் கிளியோர் என்ற நாசா விஞ்ஞானியும் அவர் குழுவினரும். மிச்சம் நின்றதுதான் செவ்வாயின் காற்று.

விடை என்ன தெரியுமா? தரையில் அழுத்தம் 4 முதல் 7 மில்லிபார். நம் கடற்கரையில் ஆயிரத்துக்கு மேல். அதுவரை செவ்வாயில் 85 என்றும், பிறகு 25 என்றும் நினைத்திருந்தார்கள். இறக்கை வைத்த கலத்தில் மிதந்து இறங்கலாம் என்று ராக்கெட் நிபுணர் வான் பிரவுன் போட்டிருந்த திட்டமெல்லாம் அத்தோடு போயிற்று. 1976ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலம், பாராசூட் போதாமல் ராக்கெட்டையும் எரித்துத்தான் தரை தொட்டது.

கேமரா கைவிட்ட இடமும் உண்டு. 1980 நவம்பரில் வாயேஜர் 1 விண்கலம் சனியின் துணைக்கோளான டைட்டனை நெருங்கிப் படமெடுத்தால் வெறும் ஆரஞ்சுப் புகைமூட்டம். ரேடியோ அலைதான் அதற்குள் தரை வரை போய்ச் சேதி கொண்டுவந்தது: அழுத்தம் நம்முடையதைப் போல ஒன்றரை மடங்கு, குளிர் மைனஸ் 180 டிகிரியை ஒட்டி. எனக்கு அந்தச் சிக்னல்மேல்தான் ஆசை.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. அலை எவ்வளவு வளையும் என்பது அங்கே என்ன வாயு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. கரியமில வாயு எவ்வளவு என்று நீ வைத்துக்கொள்கிறாயோ அதற்கேற்ப விடை நகரும். மாரினரின் விடை ஒற்றை எண்ணாக நிற்காததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் எதை அனுமானமாக எடுத்துக்கொண்டாய் என்று நோட்டில் முதல் வரியிலேயே எழுதி வை.

அப்புறம், ஜப்பானின் அகாட்சுகி விண்கலம் வெள்ளிக் கோளுக்குப் பின்னால் மறைந்தபோது அதன் சிக்னலை நம் பெங்களூருக்குப் பக்கத்தில் பியாலாலு ஆன்டெனாவிலும் பிடித்தார்கள். அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படி.

முதல் டேட்டா கையில் வந்ததும், அனுப்பலாம் என்றால் எண்களாகவே எனக்கும் அனுப்பு. நானும் உட்கார்ந்து கழித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா